இரு கரைகளையும் ஆக்கும் எல்லை

எல்லை என்னும் சொல்லைக் கேட்டவுடன் வேலியும் மதிலும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்து நிறுத்துவதே எல்லையின் தொழில் எனக் கருதிப் பழகிவிட்டோம். ஆயின் மட்டக்களப்பு வாவியின் கரையிற் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எல்லை பற்றிய வேறொரு பாடமும் உண்டு. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இவ்வாவி எங்கள் பிரதேசத்தை இரண்டாக வகுக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடையே சூரியன் எழும் பக்கமாக அமைந்தது எழுவான்கரை. மேற்கே, வயல்கள் விரிந்து கிடக்கச் சூரியன் படும் பக்கமாக அமைந்தது படுவான்கரை. இப்பெயர்களைச் சற்று நின்று சிந்திப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். வாவி இல்லையேல் இவ்விரண்டும் கரைகளே அல்ல. தொடர்ந்து கிடக்கும் ஒரே நிலம். நடுவே கிடக்கும் நீரே ஒன்றை எழுவானாகவும் மற்றொன்றைப் படுவானாகவும் ஆக்கிற்று. ஒரு பக்கத்தார்க்கு மீன்பிடியையும் மறுபக்கத்தார்க்கு வேளாண்மையையும் பெருந்தொழிலாக்கி, இருவரையும் ஒருவர் பொருளை ஒருவர் நாடவைத்ததும் அந்நீரே.

இத்தகைய எல்லையொன்று பறவையின் முட்டையினுள்ளேயும் உண்டு. அடைவைத்த இரண்டாம் நாளிலே, முளையத்தின் தலைப்பக்கத்தில், நடுமூளைக்கும் பின்மூளைக்கும் இடையில் அது தோன்றுகின்றது. நூலிழை போன்ற அவ்வொடுங்கிய பகுதி தன் இருபுறமும் உள்ள இழையங்களை இன்னது இன்னதாகுக எனப் பணித்து, தான் பெரிதும் புலப்படாமல் நிற்கின்றது. அதனைப் பற்றியும், அதனைக் கற்றதனால் எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்கு நான் கூற நேர்ந்த விடையைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முட்டையைப் பற்றிய என் முதலறிவு நூல்களிலிருந்து வந்ததன்று. படுவான்கரையில் இருந்த எங்கள் அம்மம்மா கோழி அடைவைப்பதிற் கைதேர்ந்தவர். வைக்கோல் பரப்பிய பழங்கடகத்தில் முட்டைகளை அடுக்கி, இடிமுழக்கத்துக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும் வைத்து, அதன்மேல் அடைக்கோழியை அமர்த்துவார். சில நாட்கள் கழித்து, இரவில், குப்பிவிளக்கின் முன்னே ஒவ்வொரு முட்டையாக உள்ளங்கைக் குவிவிற் பிடித்துப் பார்ப்பார். செந்நரம்பு ஓடியவை திரும்பவும் கடகத்துக்குப் போகும்; வெறுமையாய்த் தெரிபவை விலக்கப்படும். இருபத்தொரு நாட் கணக்கு அவர் விரல் மடிப்பில் இருந்தது. ஓடு உடையும் நாள் அவருக்குத் தெரியும். உள்ளே உயிர் உருப்பெறும் நாட்கள் மாத்திரம் எங்கள் எல்லார்க்கும் மறைபொருளாகவே இருந்தன.

அம்மறைவின் ஒரு மூலையைப் பின்னர் விலங்கியல் மாணவனாக இருந்தபோது காணும் பேறு கிடைத்தது. ஏறத்தாழ 38 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒன்றரை நாள் வைக்கப்பட்ட முட்டையின் ஓட்டிலே சிறு சாளரம் வெட்டி உள்ளே பார்த்தோம். மஞ்சட் கருவின் மேலே, வெண்ணிறத் தகட்டின் நடுவே, நெல்மணியிலும் சிறியதாய் ஒரு கோடு. நுணுக்குக்காட்டியின் கீழ் அக்கோடு ஒரு குழாயாயிற்று. அதன் முன்முனையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வீக்கங்கள்: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. குழாயின் பின்பகுதியில், இருமருங்கும், உடற்றுண்டங்கள் பத்துச் சோடி. கோழி முளையத்தின் வளர்ச்சியை 46 படிகளாக வகுத்து ஹம்பேர்கரும் ஹமில்ரனும் 1951இல் வெளியிட்ட அட்டவணையின்படி இது பத்தாம் படி. 33 மணித்தியாலத்துக்கும் 38 மணித்தியாலத்துக்கும் இடைப்பட்ட பருவம். நடுமூளை வீக்கம் முடியுமிடத்தில் ஓர் ஒடுக்கம் தெளிவாகத் தெரிந்தது. எல்லை அதுவே என்று அன்று வரைபடத்திற் குறித்துக்கொண்டோம்; பழைய பாடநூல்களும் அவ்வாறே கூறின.

ஆனால் இயற்கை தன் எல்லைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி மாத்திரம் வரைவதில்லை. இதனை நிலைநாட்டியது காடை என்னும் சிறு பறவை. பிரான்சு நாட்டு முளையவியலாளர் நிக்கோல் லெ துவாரன் அம்மையார், காடையின் கலக்கருவுக்கும் கோழியின் கலக்கருவுக்கும் தோற்றத்தில் உள்ள வேறுபாட்டை 1969இல் எடுத்துக்காட்டினார். சாயமிட்டுப் பார்க்கையில், காடைக் கலத்தின் கருவிலே திரண்ட ஒரு புள்ளி தெரியும். கோழிக் கலத்தில் அது பரவிக் கிடக்கும். ஆகவே காடை முளையத்தின் ஒரு துண்டை எடுத்துக் கோழி முளையத்திற் பதித்துவிட்டால், அத்துண்டிலிருந்து பெருகிய கலங்கள் எங்கெங்குச் சென்றன, என்னவாயின என்பதை நாட்கள் பல கழிந்த பின்னும் அடையாளங் காணலாம். வயலில் வேறுநிற நெல்லை ஒரு மூலையில் விதைத்துவிட்டு அறுவடையில் அதனைத் தேடிக் கண்டுகொள்வது போன்றது இது.

இம்முறையைக் கையாண்டு 1989, 1990ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் வியப்பான செய்தியொன்றைத் தந்தன. நடுமூளை வீக்கமென்று நாம் குறித்த பகுதியின் பின்பாகத்திலிருந்தும் மூளியின் முற்பகுதி உண்டாகின்றது. மூளியோ பின்மூளையைச் சார்ந்த உறுப்பு. எனவே, கண்ணாற் கண்ட ஒடுக்கம் ஓரிடத்திலும் உண்மையான எல்லை அதற்குச் சற்று முன்னேயும் இருந்தன. குழாயின் முற்பகுதியிலுள்ள கலங்களில் ஓட்எக்ஸ் 2 என்னும் பரம்பரையலகும் பிற்பகுதியிலுள்ள கலங்களில் ஜிபிஎக்ஸ் 2 என்னும் பரம்பரையலகும் தொழிற்படுகின்றன. ஒன்று மற்றொன்றை அடக்குவது. ஆதலால் தொடக்கத்தில் மங்கலாயிருக்கும் அவற்றின் சந்திப்பு வரவரக் கூர்மையடைகின்றது. அச்சந்திப்பே மெய்யெல்லை. அது எந்த ஒரு தரப்பும் போட்ட கோடன்று; இரு தரப்பும் சேர்ந்து போட்ட கோடு. எலி முளையத்தில் ஓட்எக்ஸ் 2 பின்னோக்கி நீளும்படி செய்தால் எல்லையும் பின்னே நகர்கின்றது. நடுமூளை பெருக்க, மூளி சுருங்குகின்றது.

எல்லை அமைந்ததும் அங்கிருந்து ஒரு சைகை புறப்படுகின்றது. எவ்.ஜி.எவ். 8 எனப்படும் புரதமே அது. ஓரிடத்து இழையம் தன்னைச் சூழ்ந்த இழையங்களின் விதியை வகுக்கும் என்பதனை, சலமந்தர் இனத்து முளையங்களை வைத்து ஹான்ஸ் ஸ்பீமானும் அவர் மாணவி ஹில்டே மங்கோல்டும் 1924இல் முதன்முதலாக நிறுவியிருந்தனர். அவ்விழையத்துக்கு ‘ஒழுங்கமைப்பான்’ எனப் பெயரும் வழங்கிற்று. அவ்வாண்டிலேயே மங்கோல்ட் இளமையில் இறந்தார். 1935இல் நோபல் பரிசு ஸ்பீமானைச் சேர்ந்தது. பறவை மூளையின் இவ்வெல்லையும் ஓர் ஒழுங்கமைப்பானே என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. எல்லை இழையத்தை எடுத்து முன்மூளையின் பின்பகுதியிற் பதித்தபோது அங்கே நடுமூளை தோன்றியது. பின்மூளையிற் பதித்தபோது அவ்விடத்தில் மூளியின் இழையம் தோன்றியது. 1996இல் கிராஸ்லி, மார்ட்டினெஸ், மார்ட்டின் ஆகிய மூவரும் இழையத்தைப் பதிக்காமல், எவ்.ஜி.எவ். 8இல் ஊறவைத்த நுண்மணியொன்றை மாத்திரம் கோழி முளையத்தின் முன்மூளைப் பின்பகுதியில் வைத்தனர். அப்போதும் அங்கே நடுமூளை உருவாயிற்று, அதுவும் கண்ணாடியிற் காணும் நிழல்போல முன்பின் மாறியதாய். யப்பானில் நாகமுரா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, சைகையின் வலிமையும் பொருட்டாகும் எனக் காட்டிற்று. வலிய சைகை பெற்ற நடுமூளைப் பகுதி மூளியாகவே மாறிவிட்டது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. சைகை ஒன்றே, விடைகள் பல. மாரிமழை வயலிலும் பெய்கின்றது, வாவியிலும் பெய்கின்றது. வயல் நெல்லைத் தருகின்றது. வாவி முகத்துவாரத்தை உடைத்துக் கடலோடு கலக்கின்றது. பெய்வது எதுவென்பதோடு பெறுவது எதுவென்பதும் சேர்ந்தே பயனை முடிவுசெய்கின்றது. முளையத்திலும் பேசும் எல்லை ஒன்று இருந்தால் மாத்திரம் போதாது. அதனைக் கேட்கும் கலங்களும் வேண்டும்.

இவ்வளவு நுட்பமாக வகுக்கப்படும் இருபுறமும் பறவைக்கு என்ன பயன் தருகின்றன என்று கேட்பவர், கல்லடிப் பாலத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கலாம். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நீர்மட்டத்துக்கு மேலே சிறகடித்தபடி ஓரிடத்தில் நிற்கும். உடல் காற்றில் அசையும். தலையோ ஆணியடித்தாற்போல் அசையாது. பின்பு கல்விழுந்தாற்போல் நீரினுள் விழுந்து மீனோடு மேலெழும். கீழே மின்னும் மீனைக் காண்பதில் நடுமூளையின் கூரையிலிருந்து வளர்ந்த பார்வைச் சோணைக்குப் பெரும் பங்குண்டு. பறவைகளிற் கண்ணின் நரம்பிழைகளிற் பெரும்பாலானவை சென்று சேர்வது அங்கேதான். காற்றிலும் உடலை நிறுத்திச் சிறகையும் கழுத்தையும் ஒத்திசைக்க வைப்பது, எல்லையின் மறுபுறத்தே பின்மூளையின் கூரையிலிருந்து வளர்ந்த மூளி. கண்ணும் சமநிலையும் ஒரே எல்லையின் இருபுறத்தும் பிறந்த உடன்பிறப்புகள் எனின் மிகையாகாது.

கூவலும் அவ்வாறே. பலபன், தெய்யே, லெ துவாரன் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், காடை முளையத்தின் மூளைப்பகுதியைப் பெற்ற கோழிக்குஞ்சுகள் சில, பொரித்த பின் காடையைப் போலக் கூவின. 1997இல் பலபன் இதனை மேலும் பகுத்தார். நடுமூளைப் பகுதியைப் பெற்ற குஞ்சு காடையின் ஓசையமைப்பைக் கொண்டது. அதற்குப் பின்னுள்ள மூளைத்தண்டுப் பகுதியைப் பெற்ற குஞ்சு காடை கூவும்போது அசைக்கும் தலையசைவைக் கொண்டது. ஒரு கூவலென்று நாம் கேட்பது மூளையின் வெவ்வேறு பகுதிகளின் கூட்டுறவு.

இவையெல்லாம் ஆய்வுகூடத்துக்குரிய செய்திகள் என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சித்தியின் மகளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்த பின்னரே இவ்வறிவுக்கு வீட்டு முற்றத்திலும் வேலையுண்டு என்பது தெரிந்தது. குழந்தை தளர்ந்த உடலோடு பிறந்தது. சில வேளைகளில் அதன் மூச்சு விரைந்து ஓடும். சில வேளைகளில் நின்றுவிட்டதோ என அஞ்சும்படி தணியும். கண்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமற் துள்ளின. ஏனைய பிள்ளைகள் தவழும் காலத்திலும் அதற்குத் தலை நிற்கவில்லை. மூளையைப் படமெடுத்துப் பார்த்த மருத்துவர், நடுமூளையும் பின்மூளையும் கூடுமிடத்தில் கடைவாய்ப்பல் போன்றதோர் உருவம் தெரிவதைக் காட்டி, மூளியின் நடுப்பகுதி போதிய அளவு வளரவில்லை என விளக்கினார். 1969இல் கனடா நாட்டு மருத்துவர் மரி ஜூபேர் விவரித்தமையால் அவர் பெயரையே இந்நோய் தாங்கி நிற்கின்றது.

அந்தச் சொல்லிலிருந்தே துயரம் தொடங்கிற்று எனலாம். நம் நாட்டுத் தமிழ்ப் பாடநூல்களில் ‘மூளி’ என்பது மூளையின் ஒரு பகுதிக்குரிய கலைச்சொல். தமிழ்நாட்டார் அதனைச் சிறுமூளை என்பர். ஆயின் ஊர்வழக்கில் மூளி என்பது குறைபட்டதைக் குறிக்கும் சொல். பெண்ணை நோக்கிச் சொன்னால் வசை. ‘மூளி’ என்று படித்த உறவினர் ஒருவர் வீட்டில் விளக்கப்போக, தாயின் காதில் அது வேறாக விழுந்தது. “அண்ணா, புள்ளைய மூளி எண்டா சொல்றாங்க?” என்று அவள் என்னிடம் கேட்டாள். நம் பிரதேசத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கலைச்சொல்லாக்கத்துக்கும் உழைத்தவர் என்பதை நாம் பெருமையோடு கூறிக்கொள்கின்றோம். கலைச்சொல் மாணவனின் விடைத்தாளோடு நின்றுவிடுவதில்லை. ஒருநாள் அது ஒரு தாயின் மடியிலும் வந்து விழும் என்பதை நான் அன்று உணர்ந்தேன்.

சொல்லை விளக்குவது எளிதாயிருந்தது. அவள் அடுத்துக் கேட்டது எளிதன்று. “நான் என்ன செஞ்சன் அண்ணா? எங்க போனன், எதப் பாத்தன்?” ஊரிலே அதற்கு விடைகள் ஏற்கெனவே கிடைத்திருந்தன. மூன்று மாதக் கர்ப்பத்தில் உச்சிவேளையில் தோணியேறி வாவியைக் கடந்தாள் என்றார் ஒருவர். கிரகணத்தன்று முற்றத்துக்கு வந்தாள் என்றார் இன்னொருவர். முகத்துக்கு நேரே எவரும் கூறவில்லை. ஆயினும் அவள் எல்லாவற்றையும் அறிந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அத்தோணியையும் சேர்த்தே தூக்கினாள்.

நான் அவளுக்கு முட்டையைப் பற்றிக் கூறினேன். அம்மம்மாவின் கடகத்தை அவளும் அறிவாள். அடைவைத்த இரண்டாம் நாளில், கோழிகூட அறியாமல், அவ்வெல்லை அமைந்துவிடுகின்றது. மனித முளையத்திலும் கருத்தரித்த நான்காம் கிழமையளவில் நரம்புக்குழாய் மூடி, மூன்று வீக்கங்களும் தோன்றிவிடுகின்றன. தாய் நாள் தவறியதை ஐயத்தோடு எண்ணத் தொடங்கும் காலம் அது. இக்குழந்தையின் குறையோ அதற்கும் முந்தியது. கலங்களின் மேற்பரப்பிலே சைகைகளை ஏற்கும் நுண்ணிய பிசிர்கள் உள்ளன. அவற்றை அமைக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட பரம்பரையலகுகளில் ஏதேனும் ஒன்று, பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்தால் இந்நோய் உண்டாகும். எல்லை பேசாமற் போனதென்று சொல்வதிலும், பேச்சைக் கேட்கவேண்டிய கலங்களின் செவி மந்தமாயிற்று என்பதே பொருந்தும். கருவுற்ற கணத்திலேயே அது முடிந்துவிட்ட காரியம்.

“அப்ப, நான் தோணியில ஏறினது?” என்றாள்.

“அதுக்கு முன்னமே, தங்கச்சி.”

அவள் கணவன் அவளுடைய தாய்மாமன் மகன். இதனைக் கேட்ட பெரியவர் ஒருவர், “குடி பார்த்துத்தானே செய்து வைத்தோம்” என்று வருந்தினார். மட்டக்களப்பார் குடியைத் தாய்வழியாக எண்ணுவர். ஒரே குடிக்குள் மணம் கொள்ளார். மாமன் மகன் தன் தாயின் குடியைச் சேர்ந்தவன். ஆகவே முறை பிழைக்கவில்லை. ஆனால் குடி தாய்வழியே மாத்திரம் செல்ல, பரம்பரையலகு இருவழியும் செல்கின்றது. அண்ணனும் தங்கையும் ஒரே பழுதைத் தமக்குத் தீங்கின்றிச் சுமந்திருக்கலாம். அண்ணனின் மகனும் தங்கையின் மகளும் அதனை அறியாமலே பெற்றிருக்கலாம். இருவரும் சுமப்பவராயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. உறவுக்குள் மணந்த பெரும்பாலோர்க்கு நலமான பிள்ளைகளே பிறக்கின்றன என்பதையும் அவரிடம் சொன்னேன். இனிவரும் மணங்களில் இவ்வறிவு பயன்படலாம். நடந்த மணத்துக்கு இதனைக் குற்றப்பத்திரமாக்குவது தகாது. காரணத்தை அறிவது வேறு, குற்றவாளியைத் தேடுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே நம் வீடுகளிற் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யாத குற்றங்களுக்குத் தண்டனை பெற்றுவருகின்றனர்.

நோயை இவ்வறிவு குணமாக்கிவிடவில்லை. காடையின் துண்டைக் கோழியிற் பதிப்பதுபோல் ஒரு பிள்ளையின் மூளையைத் திருத்த இயலாது. ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மகளை வெளியே கொண்டுவராமல் உள்ளறையிலேயே வைத்திருந்த தாய், அதன்பின் அவளை இடுப்பிற் சுமந்து கோயிலுக்கும் கடைக்கும் செல்லத் தொடங்கினாள். உடற்பயிற்சி அளிப்பவரிடம் கிழமை தவறாமற் கொண்டுபோனாள். அதற்கு வாவியைக் கடக்கவேண்டும், கடந்தாள்.

தகப்பன் முற்றத்திலே இரண்டு மூங்கில்களைக் குழந்தையின் இடுப்புயரத்தில், கையெட்டும் தூரத்தில், நிலத்துக்குச் சமாந்தரமாகக் கட்டிவைத்தார். இரண்டையும் பற்றிக்கொண்டு அவள் நிற்கப் பழகினாள். பின்பு நடக்கப் பழகினாள். ஆறாவது வயதில், பத்து அடித் தூரத்தை விழாமற் கடந்தாள். இப்போது ஒரு மூங்கிலை மாத்திரம் பிடித்துக்கொண்டு போகின்றாள்.